வெள்ளத்துக்குப் பொறுப்பு யார்?

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் தொடங்கி மூன்று நாள்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. ஒரு மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய மழைக்கு நிகரான மழை ஒரே நாளில் கொட்டிற்று. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் வீட்டுக் கூரைகளை எட்டியது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தனர். கிள்ளானும் ஊலு லங்காட்டும் பெருந்துன்பம் அடைந்தன. அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாடு முழுவதிலும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூர் மாநிலம் ஒன்றினுக்கே உரியது.

நீர் வடிந்தது, வாக்குவாதம் வடியவில்லை. “இது நூறாண்டுக்கு ஒரு முறை வரும் இயற்கையின் சீற்றம், எவரையும் குறை கூறிப் பயனில்லை” என்றனர் சிலர். “உலகம் வெப்பமடைந்து வருகிறது, அதற்குச் செல்வ நாடுகளே பொறுப்பு” என்றனர் வேறு சிலர். “காட்டை வெட்டியவர்களும் அதற்கு இசைவு தந்தவர்களுமே காரணம்” என்று ஒரு சாராரும், “காணில் குப்பையைக் கொட்டும் மக்களே காரணம்” என்று மற்றொரு சாராரும் கூறினர். இவற்றையெல்லாம் கேட்ட ஏழைத் தொழிலாளி, “நான் ஒருவன் திருந்தினால் மழை நின்றுவிடுமா?” என்று வினவினான்.

இக்கூற்றுகள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்த ஒன்றும் முழு உண்மையன்று. ஆகவே, எது எவ்வளவு உண்மை என்பதைப் பகுத்தறிந்து, அதன் பின்னரே பொறுப்பைப் பங்கிடுதல் முறையாகும்.

மழை மிகுவது ஏன்?

வானிலை என்பது வேறு, தட்பவெப்ப நிலை என்பது வேறு. பால்மரம் சீவும் தொழிலாளிக்கு இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. ஒரு நாளில் கிடைத்த பாலின் எடையைக் கொண்டு எவரும் ஒரு நிரையின் தரத்தை முடிவு செய்வதில்லை. பல ஆண்டுக் கணக்கைப் பார்த்தே நிரை நல்லதா, தளர்ந்ததா என்று கூறுவர். ஒரு நாள் மழை வானிலை. பல்லாண்டுக் கணக்கே தட்பவெப்ப நிலை.

அந்தப் பல்லாண்டுக் கணக்கு இன்று தெளிவாக உள்ளது. ஐக்கிய நாட்டு அமைப்பின் தட்பவெப்ப நிலை ஆய்வுக் குழு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட அறிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடும்போது புவியின் வெப்பம் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்துவிட்டது என்றும், அதற்கு மனிதரின் செயல்களே காரணம் என்பதில் ஐயமில்லை என்றும் கூறுகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வெளிப்படும் கரிவளி காற்றில் தங்கி, வெப்பம் வெளியேறாதவாறு போர்வைபோல் தடுக்கிறது.

வெப்பத்துக்கும் மழைக்கும் என்ன தொடர்பு? வெப்பக் காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும். ஒரு பாகை வெப்பம் உயர்ந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைக் காற்று சுமக்க இயலும். சுமை மிகுந்த காற்று குளிரும்போது மழையும் மிகுந்து பெய்கிறது. எனவே, “நூறாண்டுக்கு ஒரு முறை” என்று நம் முன்னோர் கண்ட மழை, இனி அத்தனை காலம் காத்திருந்து வரும் என்று நாம் நம்பியிருத்தல் தகாது.

எனினும், ஒரு குறிப்பிட்ட நாளின் மழையை முழுவதும் இக்காரணம் ஒன்றின் மீதே சுமத்துதலும் சரியன்று. 2021 டிசம்பரில் தென்சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்து வந்தது. வழக்கமாகக் கிழக்குக் கரை மாநிலங்கள் தாங்கும் பருவமழையை அவ்வாண்டு மேற்குக் கரையும் தாங்க நேரிட்டது. இயற்கையின் பங்கும் அதில் உண்டு.

மண் நீரைக் குடிக்காதது ஏன்?

மழை எவ்வளவு பெய்தாலும், அது எங்கே சென்று சேர்கிறது என்பதே வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. இதில் தோட்டப்புற மக்கள் பிறருக்குப் பாடம் சொல்லத் தக்கவர்கள்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களில் புல் பூண்டு எதுவுமின்றி நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே சிறப்பு என்று கருதப்பட்டது. மேல்மண் மழையில் கரைந்து ஓடியது. ஆறுகள் மண் மேவித் தூர்ந்தன. பிறகுதான் அறிவு வந்தது. சரிவுகளில் படிவரிசைகள் வெட்டினர். மண்ணைத் தேக்கக் குழிகள் தோண்டினர். மரங்களுக்கிடையே கொடிவகை மூடுபயிர்களை வளர்த்தனர். வேரும் தழையும் உள்ள மண் நீரைக் குடிக்கும், வெறும் மண் நீரை ஓடவிடும் என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒவ்வொருவரும் கண்ணால் கண்ட உண்மையாகும்.

ஈய லம்பங்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. சிலாங்கூர் மாநிலத்தின் வடக்கே கோல குபு என்றொரு பட்டணம் இருந்தது. மேற்புறத்து ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றில் படிந்து படிந்து, ஆற்றின் அடித்தளம் உயர்ந்து, வெள்ளம் ஓயாமல் ஊருக்குள் புகுந்தது. இறுதியில் 1930-ஆம் ஆண்டளவில் ஊரையே கைவிட்டு, மேட்டுநிலத்தில் கோல குபு பாரு என்னும் புதிய பட்டணத்தை அமைக்க வேண்டியதாயிற்று. மேலே இருப்பவர் செய்த வேலைக்குக் கீழே இருப்பவர் விலை கொடுத்தனர்.

கோலாலம்பூரின் கதையும் நீரோடு பின்னியதே. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் பிறந்த நகரம் அது. 1881-ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அந்நகரை அழித்தன. அதன் பின்னர் அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடமே நம்மவர் நிறைந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ். 1926-ஆம் ஆண்டிலும் 1971-ஆம் ஆண்டு ஜனவரியிலும் நகரம் மீண்டும் மூழ்கியது. 2007-ஆம் ஆண்டில், மழைநீரையும் வாகனங்களையும் கொண்டு செல்லும் ஸ்மார்ட் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீர்வழி மட்டும் 9.7 கிலோமீட்டர் நீளமுடையது.

இத்தனை செய்தும் வெள்ளம் வருவானேன்? கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் நகரங்களாக மாறின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவின் ஒரு பகுதி ஆயிற்று. கின்ராரா, புக்கிட் ராஜா தோட்டங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. அவற்றால் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வீடும் வேலையும் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நீரைக் குடித்த மண் சிமெண்டாகவும் தாராகவும் மாறியபோது, அந்நீரைத் தேக்கக் குளங்களும் வடிக்கப் போதிய கால்வாய்களும் அதே வேகத்தில் பெருகினவா என்று கேட்பது குடிமக்களின் உரிமை. கேட்டவுடன் விடையளிப்பது பொறுப்பில் உள்ளோரின் கடமை.

கடலும் இதில் பங்கு கொள்கிறது. கேரித் தீவிலும் கிள்ளான் கடலோரத்திலும் வேலை செய்தவர்கள் நீர்க்கதவுகளை அறிவார்கள். கடல் ஏறும் நேரத்தில் கதவை மூடாவிட்டால் உப்புநீர் உள்ளே வரும். மூடினால் மழைநீர் வெளியே போகாது. பெருமழையும் கடலேற்றமும் ஒருங்கே வந்தால் தாழ்நிலங்கள் கிண்ணம்போல் நிரம்பும். உலகம் வெப்பமடைவதால் கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. ஆகவே நீர்க்கதவுகளையும் இறைப்பான்களையும் பழுதின்றிக் காப்பது முன்னினும் இன்றியமையாததாகின்றது.

குப்பையின் பங்கு

இனி, மக்களைக் குறை கூறுவோரின் வாதத்தை நோக்குவோம். நெகிழிப் பைகளும் பாலிஸ்டிரீன் பெட்டிகளும் பழைய மெத்தைகளும் காணை அடைக்கின்றன. கிள்ளான் ஆற்றில் மிதக்கும் குப்பையை அகற்றுவதற்கென்றே 2019-ஆம் ஆண்டு முதல் ஒரு தனி இயந்திரப் படகு நிறுத்தப்பட்டது. மாலையில் ஒரு மணி நேரம் பெய்யும் மழைக்கே தெருவில் நீர் தேங்குகிறதென்றால், அங்கே பெரும்பாலும் அடைபட்ட காணைக் காணலாம்.

ஆயினும் நேர்மையாகச் சொல்ல வேண்டியதொன்று உண்டு. 2021 டிசம்பரில் வந்த அளவு வெள்ளத்தை, துடைத்து வைத்த காண்கள் மட்டும் தடுத்திருக்க மாட்டா. ஆகவே, பெருவெள்ளத்துக்கெல்லாம் குப்பை போட்டவனையே குற்றவாளியாக்கினால், பெரிய கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடும். அதே வேளையில், “பெரியவர்கள் காட்டை வெட்டுகிறார்கள், நான் ஒரு பையை எறிந்தால் என்ன?” என்பதும் ஏற்கத்தக்கதன்று. அந்தப் பை அடைப்பது பெரியவர் வீட்டுக் காணையன்று, நம் அண்டைவீட்டார் காணையே.

சிலாங்கூர் அரசாங்கம் 2010-ஆம் ஆண்டில் சனிக்கிழமைகளில் இலவச நெகிழிப் பை இல்லை என்று தொடங்கி, 2017-ஆம் ஆண்டு ஜனவரி முதல் எல்லா நாள்களிலும் பைக்கு 20 சென் என்று விதித்தது. அன்று முணுமுணுத்தவர் பலர். இன்று சந்தைக்குக் கூடை கொண்டு செல்வோரைப் பரவலாகக் காண்கிறோம். நம் பாட்டிமார் கொண்டு சென்ற அதே பின்னற்கூடைதான் மீண்டும் வந்திருக்கிறது.

செல்வ நாடுகளும் நாமும்

அடுத்தது, உலக அளவிலான வாக்குவாதம். உலகில் வெளிப்படும் கரிவளியில் மலேசியாவின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள், இப்போது வளரத் தொடங்கிய நாடுகளைப் பார்த்துக் காட்டைத் தொடாதே என்பது முறையா? 1992-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி மாநாட்டில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது இந்நியாயத்தையே வலியுறுத்தினார். பின்னாளில் செம்பனை எண்ணெய்க்கு ஐரோப்பிய நாடுகள் விதித்த கட்டுப்பாடுகள் குறித்தும் இதே வாதம் எழுந்தது. செம்பனைத் தோட்டங்களில் உழைப்போரின் வாழ்வு அதில் அடங்கியிருப்பதால், இது நமக்கு வெறும் மாநாட்டுப் பேச்சன்று.

அந்த நியாயம் நியாயமே. ஆயினும், அதைக் கூறிவிட்டு நாம் வாளாவிருக்க முடியாது. காரணம், மழை நியாயம் பார்த்துப் பெய்வதில்லை. கரிவளியை யார் வெளியிட்டாலும் நீர் ஏறுவது தாழ்நிலத்து வீட்டில்தான். மேலும், கிள்ளானுக்கு அருகே காப்பாரில் உள்ள பெரிய மின்நிலையம் நிலக்கரியை எரித்தே பெருமளவு மின்சாரம் தருகிறது. நாமும் இப்பட்டியலில் இருக்கிறோம். இதனை உணர்ந்தே மலேசியா 2016-ஆம் ஆண்டில் பாரிஸ் உடன்படிக்கையை உறுதி செய்தது. பொருளாதார உற்பத்தியின் அளவோடு ஒப்பிடும்போது வெளிப்படும் கரிவளியை, 2005-ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாகவும் உறுதி கூறியுள்ளது.

புகைமூட்டம் தந்த படிப்பினை

“பழக்கத்தை மாற்ற முடியாது” என்போருக்குத் தோட்டத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. சுமத்ராவில் எரிந்த நிலங்களின் புகை கடல் கடந்து வந்து நம் குழந்தைகளின் மூச்சை அடைத்தது.

நிலத்தை எரித்துத் துப்புரவாக்குவது ஒரு காலத்தில் இங்கும் வழக்கமே. மறுநடவுக்கு எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றே எண்ணினர். ஆனால் 1980-ஆம் ஆண்டுகளின் இறுதியில் மலேசியத் தோட்டங்கள் எரிக்காத மறுநடவு முறையை வகுத்தன. முதிர்ந்த செம்பனைகளைச் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, வரிசையாகக் குவித்து மட்கவிட்டனர். புகை குறைந்தது, மண்ணுக்கு உரமும் கிடைத்தது. முடியாது என்று கருதப்பட்டது முடிந்தது. அதனை ஒரு தொழிலாளி தனியே செய்திருக்க இயலாது. நிருவாகம் திட்டமிட்டது, சட்டம் எரிப்பைத் தடுத்தது, தொழிலாளர்கள் புதிய முறையைக் கைக்கொண்டனர். மூன்றும் கூடியே மாற்றம் நிகழ்ந்தது.

ஒருவர் குரலுக்கு மதிப்புண்டா?

“நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?” என்ற வினாவுக்கு, பந்திங்குக்கு அருகே நிகழ்ந்தது விடை கூறும். கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம் ஏறத்தாழ 950 ஹெக்டர் பரப்புள்ள சதுப்புக் காடு. அதனை ஒட்டித் தெமுவான் பூர்வகுடி மக்களின் கம்பங்கள் உள்ளன. அதன் பெரும்பகுதியை வளர்ச்சித் திட்டத்துக்காக வனப் பட்டியலிலிருந்து நீக்கும் எண்ணம் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது.

சதுப்புக் காட்டின் தரை, முழுதும் மட்காத இலைகளும் வேர்களும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமண்ணாகும். ஈரமாக இருக்கும்வரை அது நீரையும் கரியையும் தன்னுள் அடக்கி வைக்கிறது. நீரை வடித்துவிட்டால் மண் தாழ்கிறது, கரிவளி வெளிப்படுகிறது, தீப்பிடித்தால் வாரக்கணக்கில் நிலத்தடியில் புகைகிறது. வெள்ளம், வெப்பம், புகை ஆகிய மூன்று கேடுகளும் ஒரே நிலத்தில் குடிகொள்கின்றன.

சிலாங்கூரின் வனச் சட்டப்படி, வனக் காப்பகத்தை நீக்குமுன் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். கேட்டபோது 40,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியிருந்தும், காட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்டுவிட்ட செய்தி 2021 ஆகஸ்டு இறுதியில் சட்டமன்றத்தில் வெளியாயிற்று. எதிர்ப்பு வலுத்தது. சில நாள்களில், செப்டம்பர் மாதம், மாநில அரசாங்கம் அம்முடிவைக் கைவிட்டு, காட்டை மீண்டும் காப்பகமாக்குவதாக அறிவித்தது. ஒவ்வோர் ஆட்சேபமும் ஒருவர் எழுதிய ஒரு கடிதமே. தனியே நோக்கின் அது சிறிது. சிறு துளி சேர்ந்தே பெருவெள்ளம்.

பொறுப்பைப் பங்கிடும் முறை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஒரு நெறி புலனாகிறது. பொறுப்பு என்பது அவரவர் ஆற்றலுக்கும் அவரவர் செய்த கேட்டுக்கும் ஏற்ப அமைய வேண்டும். இரண்டு கார்களும் நான்கு குளிர்சாதனங்களும் உள்ள வீட்டுக்கும், மோட்டார் சைக்கிளும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்கும் ஒரே அளவுக் கடமையை விதித்தல் அறமாகாது. நிலத்தை மாற்றும் நிறுவனத்தின் கடமை பெரிது. அதற்கு இசைவளிக்கும் அதிகாரத்தின் கடமை அதனினும் பெரிது. ஆயினும் எவருடைய கடமையும் சுழியம் ஆகாது.

நம் கையில் உள்ளவை சில:

1. குப்பையையும் பயன்படுத்திய எண்ணெயையும் காணில் கொட்டாதிருத்தல். மழைக்காலத்துக்கு முன் குடியிருப்பினர் ஒன்றுகூடி, கோத்தோங் ரோயோங் முறையில் காண்களைத் துப்புரவு செய்தல்.

2. தழைகளையும் குப்பையையும் எரிக்காதிருத்தல். திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்கு மாறானது. தழைகளைக் குழியிலிட்டு மட்கவைத்தால் காய்கறிப் பாத்திக்கு உரமாகும்.

3. வீட்டு முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாமல், ஒரு பகுதியையேனும் மண்ணும் செடியுமாக விட்டுவைத்தல்.

4. மின்சாரத்தை அளவோடு பயன்படுத்துதல். இதில் முதல் இலாபம் நம் மாதக் கட்டணத்துக்கே.

5. நம் வட்டாரத்து வளர்ச்சித் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது சென்று பார்த்தல். நீர் எங்கே போகும் என்று கேட்டல். ஐயம் இருந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தல்.

6. வெள்ள எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதிருத்தல். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருந்து ஆகியவற்றை உடனே எடுக்கத்தக்க ஓர் உறையில் வைத்தல். முதியோரும் நோயாளிகளும் எந்த வீட்டில் உள்ளனர் என்பதை அண்டை அயலார் முன்னரே அறிந்திருத்தல்.

இவற்றுள் ஐந்தாவதையே நம்மவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். காணைத் துப்புரவு செய்யும் கைதான் மனுவையும் எழுத வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவோமானால், அடுத்த மழைக்குப் பின்னும் இதே வாக்குவாதத்தைச் சேறு நிறைந்த வீட்டின் நடுவே நின்று தொடங்க வேண்டியிருக்கும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

மன்றங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் இப்பொருளைப் பேச விழைவோர் கீழ்க்காணும் வினாக்களை எடுத்துக்கொள்ளலாம்.

1. நம் குடியிருப்பின் மழைநீர் எந்தக் காண் வழியாக எந்த ஆற்றைச் சேர்கிறது? அவ்வழியில் அடைப்பு எங்கே உள்ளது?

2. நம் வட்டாரத்தில் முன்பு தோட்டமாகவோ சதுப்பாகவோ இருந்த நிலங்கள் எவை? அங்கே இன்று நீர் தேங்குவதுண்டா?

3. செல்வ நாடுகளின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பு, நிறுவனங்களின் பொறுப்பு, குடும்பத்தின் பொறுப்பு ஆகியவற்றை வரிசைப்படுத்துக. உங்கள் வரிசைக்குக் காரணம் கூறுக.